காரணம் சொல்லாத மெஷின்

எந்த செஸ் சாஃப்ட்வேர் வாங்கலாம்னு என்கிட்ட எதுக்கு சார் கேக்குறீங்க? யாராவது கேட்டுட்டு வரச் சொன்னாங்களா? இல்ல, சும்மாதான் கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், கால் ஆடுது. இதுல உக்காருங்க.

பையனுக்கு முதல் டோர்னமெண்ட்டா? தெரியுது. பையன் மூஞ்சியப் பாத்துச் சொல்லல, உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றேன். எனக்கு அது தொழில். போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டர், பேரு ராஜமாணிக்கம். நடுவழியில பஸ்ஸ நிறுத்தி ஏறுவோம்ல, அந்த ஆளு. ஏறி ரெண்டு படி வைக்கிறதுக்குள்ள எவன்கிட்ட டிக்கெட் இருக்கு, எவன்கிட்ட இல்லன்னு சொல்லிடுவேன். ஜன்னல் வழியா ரொம்ப ஆசையா வேடிக்கை பாப்பான் பாருங்க, அவன்தான். வெளிய வெறும் பொட்டக்காடா இருக்கும். அதையே கண்ணெடுக்காம பாப்பான். எங்க வீட்டுக்காரம்மா உமாராணி சொல்லுவா, வீட்டுக்குள்ளயும் டிக்கெட் கேக்காதீங்கன்னு. அவ எதுக்கு அப்படிச் சொல்றான்னு நான் ஒரு கண்ணு வச்சிருக்கேன். அது வேற விஷயம்.

சாஃப்ட்வேர்தான கேட்டீங்க, சொல்றேன். ஆனா இங்க கேட்டதை அந்தப் பக்கம் போய்ச் சொல்லக் கூடாது. அந்தப் பக்கம்னா, அதோ, மஞ்சக் கயிறு கட்டியிருக்காங்களே, அதுக்கு அந்தாண்ட ஜமுக்காளம் விரிச்சு உக்காந்திருக்குற கூட்டம். எல்லாம் நம்மள மாதிரி அப்பா அம்மாதான், உமாராணியும் அங்கதான். அந்தக் கயிறைத் தாண்டி நான் வரக் கூடாதுன்னு அர்பிட்டர் அம்மா சொல்லியிருக்காங்க, இந்தப் போட்டிக்கு நடுவர். அதனாலதான் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துல தனியா உக்காந்திருக்கேன். ஏன்னு அப்புறம் சொல்றேன். எனக்கும் இது வசதிதான். இங்க பிளக் பாயிண்ட் இருக்கு, லேப்டாப்ல சார்ஜ் நிக்கும். எவனும் முதுகுக்குப் பின்னால நின்னு என் ஸ்கிரீனை எட்டிப் பாக்க முடியாது.

என் பொண்ணு பவதாரணி, வீட்ல பவா. ஏழாவது படிக்கிறா. இப்ப உள்ள மூணாவது போர்டுல ஆடிக்கிட்டு இருக்கா. சின்ன வயசுல நான்தான் காய் நகர்த்தச் சொல்லிக் குடுத்தேன். சொல்லிக் குடுத்த வருஷமே என்னைத் தோக்கடிச்சுட்டா. விட்டுக் குடுத்தேன்னு வெளிய சொல்லிக்கிட்டேன். போன வருஷம் மாவட்டத்துல மூணாவதா வந்தா. அப்பத்தான் அவ கோச்சு, இனிமே வீட்ல ஒரு சாஃப்ட்வேர் வேணும்னாரு.

இதுல ரெண்டு வகை இருக்கு சார். ஒண்ணு, பலம். பலம்னா அப்படி ஒரு பலம், உலகத்துல எந்த மனுஷனும் கிட்ட நிக்க முடியாது. புள்ளைங்க ஆடுன கேமை உள்ள போட்டீங்கன்னா ஒரு கோடு வரையும். கோடு மேல போனா ஜெயிக்கிறோம், கீழ போனா தோக்குறோம். எந்த மூவ் தப்போ அதுமேல ஒரு செவப்புப் புள்ளி வைக்கும். பக்கத்துல மைனஸ் ரெண்டு, மைனஸ் மூணுன்னு நம்பர் போடும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசாது. இன்னொரு வகை, பலம் கொஞ்சம் கம்மி. ஆனா பாடம் நடத்தும். லெவலைக் கொறச்சுக்கிட்டு புள்ளைங்களுக்குச் சமமா ஆடும். தப்பு பண்ணினா ஏன் தப்புன்னு எழுதிக் காட்டும், அதே எடத்துலேருந்து திரும்ப ஆடச் சொல்லும். எங்க அடிக்கடி சறுக்குதுங்கன்னு பாத்து அதே மாதிரி எடமா எடுத்துக் குடுக்கும்.

எங்க ஊர்ல தியாகுன்னு ஒருத்தர், டைல்ஸ் கடை வச்சிருக்காரு. அவர் பொண்ணு கனிஷ்கா. பவா வயசுதான், பவா அளவுக்குத்தான் ஆடுவா. எந்தப் போட்டிக்குப் போனாலும் கோப்பைக்கு முன்னாடி இவ நிப்பா, இல்லன்னா அவ நிப்பா. இந்த ஆளு ஒருநாள் தானா என்னைத் தேடி வந்து, ரெண்டாவது வகைய வாங்குங்கன்னு சொல்றாரு. "உலக சாம்பியனை அடிக்கிற மெஷினா இருந்தா என்ன சார், அந்த மெஷினையே அடிக்கிற மெஷினா இருந்தா என்ன, நம்ம புள்ளைங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஏன் தப்புன்னு தெரிஞ்சாத்தான அடுத்த தடவை பண்ணாதுங்க"ன்னாரு.

நீங்களே சொல்லுங்க. அவர் பொண்ணை என் பொண்ணு ஜெயிக்கிறதுக்கு அவரே வந்து வழி சொல்லுவாரா? எனக்கு அங்கேயே பொறி தட்டிருச்சு. அதோட இன்னொண்ணு. என் சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். டிக்கெட் இருக்குறவன் பேச மாட்டான், நீட்டுவான். இல்லாதவன்தான் காரணம் சொல்லுவான். கீழ விழுந்துருச்சு, கண்டக்டர் குடுக்கல, பின்னாடி சீட்ல மச்சான் வச்சிருக்கான்னு கதை வரும். ஒரு மெஷின் ஏன் எதுக்குன்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாலே அதுல ஏதோ கோளாறு இருக்குன்னு அர்த்தம். பலமானது எதுக்கு சார் விளக்கம் சொல்லணும்?

இருந்தாலும் சோதிச்சுப் பாக்காம முடிவு பண்ற ஆளு இல்ல நான். தியாகுவே ஒரு பென் டிரைவ்ல டிரையல் போட்டுக் குடுத்தாரு. வைரஸ் இருக்கான்னு பாத்துட்டுத்தான் சொருகினேன். ஒரு ஞாயித்துக்கெழம பூரா ரெண்டு மெஷினையும் மோத விட்டேன். பவா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா. முக்கால்வாசி டிராவுலதான் முடிஞ்சுது. மிச்சத்துல எல்லாம் பலமானதுதான் ஜெயிச்சுது. பாத்தியா எது பெருசுன்னு கேட்டேன். அவ வேற எதையோ பாத்துக்கிட்டு இருந்தா. டிராவுல ரெண்டு பேருக்குமே செவப்பு வரலப்பான்னா. அதுங்க மெஷினும்மா, தப்பே பண்ணாதுங்கன்னேன். தப்பே பண்ணலன்னா டிராதானாப்பான்னு கேட்டா. கெட்டிக்காரின்னு முதுகுல தட்டிக் குடுத்தேன்.

பலமானதையே வாங்கினேன். வாங்கினதுலேருந்து ஒரு ரவுண்டு விடாம போட்டுப் பாக்குறேன். புள்ளைங்க ஆடும்போதே ஒவ்வொரு மூவையும் ஒரு ஷீட்ல எழுதணும், தெரியும்ல? பவா கதவைத் தாண்டி வெளிய வந்ததும் நான் கேக்குறது அந்த ஷீட்டைத்தான். தண்ணி பாட்டில்கூட அப்புறம்தான். சூட்டோட சூடாப் பாத்தாத்தான் மனசுல நிக்கும். பக்கத்துலயே நிக்க வச்சு ஒவ்வொரு செவப்பா காட்டுவேன்.

ஒரு தடவை ஜெயிச்சுட்டு ஓடி வந்தா. போட்டுப் பாத்தா உள்ள நாலு செவப்பு. எதிர்ல ஆடுன புள்ளைக்கு அஞ்சு, அதனால ஜெயிச்சிருக்கா. இதைச் சொல்லாம இருக்க முடியுமா? சொன்னேன். "இது ஏம்ப்பா தப்பு? குதிரைய அங்க வச்சாத்தான ராணிய மெரட்ட முடியும்?"னா. மைனஸ் ரெண்டும்மான்னேன். அதான் ஏன்னா. மைனஸ் ரெண்டுன்னா தப்புன்னேன். தப்புதாம்ப்பா, ஆனா ஏன்னா. எனக்குக் கோவம் ஏறிருச்சு. மெஷினைவிட உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். கூட்டத்துல கொஞ்சம் சத்தமா கேட்டுட்டேன்னு நெனைக்கிறேன். அதுக்கப்புறம் அவ ஏன்னு கேட்டதே இல்ல சார். பேசாம நின்னு செவப்பைப் பாத்துட்டுப் போவா. புள்ளைங்க அப்படித்தான், கொஞ்சம் கண்டிப்பா இருந்தா வழிக்கு வந்துடும்.

பங்குனியில கரூர்ல ஒரு போட்டி. கடைசி ரவுண்டு கனிஷ்காகூட. உள்ள போனதும் தெரியல, வந்ததும் தெரியல, ரெண்டும் கையக் கோத்துக்கிட்டு வெளிய வருதுங்க. டிராவாம். பன்னெண்டே மூவ். ஷீட்டை வாங்கிப் போட்டுப் பாத்தேன். ஒரு செவப்பு இல்ல. கோடு தண்டவாளம் மாதிரி நேரா கெடக்கு. உண்மையச் சொல்றேன், எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. இன்னிக்கு ஒரு தப்பு இல்லடா தங்கம்னு சொல்லி ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன். அவளும் ரொம்ப நாள் கழிச்சு என் தோள்ல சாஞ்சுக்கிட்டே சாப்பிட்டா. பஸ்ல திரும்பி வரும்போதுதான் உறைச்சுது. கனிஷ்கா ஏற்கெனவே முன்னால இருந்தா, டிராவுல கெடைக்கிற அரைப் பாயிண்டே அவளுக்குப் போதும். கோப்பை அவளுக்கு. நம்மாளு நாலாவது.

சரி, ஒரு தடவைன்னு விட்டா, அதுக்கப்புறம் பாக்குறவங்ககூட எல்லாம் டிரா. திருச்சியிலயும் டிரா, பெரம்பலூர்லயும் டிரா. ஜெயிக்கிற எடத்துல இருந்துக்கிட்டே டிராவுக்குக் கையை நீட்டிட்டு வந்துடறா. மெஷின்ல போட்டா எல்லாமே பளிச்சுன்னு இருக்கு. எதைக் காட்டித் திட்டுறது? திட்ட ஒண்ணுமே இல்ல. அப்பத்தான் எனக்குப் பட்டுது, இதுக்குப் பின்னால ஒரு பெரிய மண்டை வேலை பாக்குதுன்னு. ஒரு சின்னப் புள்ளைக்கு இப்படி ஒரு யோசனை தானா வராது.

விசாரிக்க ஆரம்பிச்சேன். சனிக்கெழம சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்னு சொல்லி உமாராணிதான் அவளைக் கூட்டிட்டுப் போவா. ஒருநாள் டூட்டி முடிஞ்சு யூனிஃபார்மோட பின்னாடியே போனேன். இங்கிலீஷும் இல்ல, கிளாஸும் இல்ல. நேரா தியாகு டைல்ஸ் கடை. எதிர்த்த டீக்கடையில நின்னு பாத்தேன். அடுக்கி வச்ச டைல்ஸுக்கு நடுவுல ஒரு மேஜை, அதுல கம்ப்யூட்டர், பவாவும் கனிஷ்காவும் ஒரே ஸ்டூல்ல. அந்தப் பாடம் நடத்துற மெஷின்கூட பவா ஆடுறா. லெவலைக் கொறச்சு வச்சிருப்பாங்க போல, அப்பவும் தோத்துட்டா. தோத்துட்டு என்ன பண்றாங்கறீங்க? சிரிக்கிறா சார். வாயைப் பொத்திக்கிட்டு, தலையில அடிச்சுக்கிட்டு, குனிஞ்சு சிரிக்கிறா. அப்புறம் அதே எடத்துக்குத் திரும்பப் போய் வேற மாதிரி ஆடுறா. திரும்பத் தோக்குறா. திரும்பச் சிரிக்கிறா. என் வீட்டுல செஸ் போர்டுக்கு முன்னாடி அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்னத்தைச் சொல்லி மயக்கி வச்சிருக்காங்களோ.

வீட்டுக்கு வந்து உமாராணியைக் கேட்டேன். அவ பயப்படவே இல்ல. "வாரத்துல ஒரு சாயங்காலம் புள்ள சந்தோஷமா ஆடிட்டு வர்றா. இப்படியே போனா ஆட்டத்தையே விட்டுடுவா போலருக்கு, அதான் கூட்டிட்டுப் போறேன்"ன்னா. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனவ வாயைப் பாருங்க. அதுவும் எனக்கு ஒரு பயத்தைக் காட்டி வாயடைக்கப் பாக்குறா. விட்டுடுவாளாம். ஏழு வருஷமா ஆடுறவ எப்படி விடுவா? எனக்கும் பயம்தான் சார், இல்லன்னு சொல்லல. அவ நல்லா வரணும்னுதான மத்தவன் லீவுல தூங்கும்போது நான் ஊர் ஊரா மண்டபத்துல உக்காந்திருக்கேன்.

தஞ்சாவூர் போட்டியில திரும்பவும் கனிஷ்காகூட டிரா. நேரா அர்பிட்டர் அம்மாகிட்ட போயிட்டேன். இது பேசி வச்சு ஆடுற டிரா, தியாகு ஏற்பாடு, விசாரிங்கன்னு சொல்லிட்டேன். அவங்க எங்க எல்லாரையும் அந்தக் கல்யாண மண்டபத்து மணப்பொண்ணு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. நான், தியாகு, ரெண்டு புள்ளைங்க. கண்ணாடியில முந்தின நாள் கல்யாணத்து ஸ்டிக்கர் பொட்டெல்லாம் ஒட்டிக் கெடக்கு. அர்பிட்டர் அம்மா பவாவைப் பக்கத்துல கூப்பிட்டு, யாராவது டிரா பண்ணச் சொன்னாங்களாம்மான்னு மெதுவாக் கேட்டாங்க.

அவ என்னைப் பாக்கல. கண்ணாடியப் பாத்துக்கிட்டே சொன்னா. "யாரும் சொல்லல ஆன்ட்டி. கேம் சின்னதா இருந்தா செவப்பு வராது. அப்பா அன்னிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்க."

அர்பிட்டர் அம்மா என் பக்கம் திரும்பி, "உங்க பொண்ணு சொன்னது கேட்டுதா சார்?"னாங்க. கேட்டுது மேடம், யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னேன். அந்தத் தியாகு ஒரு வார்த்தை பேசல. பவா தலையில கையை வச்சுக்கிட்டு நின்னாரு. தப்பு பண்ணாதவன் பேசாம இருப்பானா? ஏன் எதுக்குன்னு சொல்ல வேணாமா? என்ன சார் சிரிக்கிறீங்க? இல்லையா? சரி.

அதோட முடிவு என்னன்னா, புகார் குடுத்த எனக்குத்தான் தண்டனை. புள்ளைங்க வெளிய வர்ற எடத்துல நான் லேப்டாப்பைத் தெறக்கக் கூடாது, கயிறுக்கு இந்தாண்டயே இருக்கணும். இன்னிக்கும் அதே அர்பிட்டர் அம்மாதான். எல்லாம் ஒரே கூட்டம்.

மணி என்ன ஆச்சு? ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சா? பவா இன்னும் வரலையே. இன்னிக்கு அவளுக்கு யார்கூடன்னு நெனைக்கிறீங்க? கனிஷ்காகூடத்தான். டிரா பண்ணணும்னா இத்தனை நேரத்துல பண்ணிட்டு வந்திருக்கணும். இதுல என்ன புதுசா திட்டம்னு தெரியல. மத்த புள்ளைங்க பாதி வெளிய வந்துருச்சுங்க. உங்க பையன் சட்டை என்ன கலர்? நீலமா? வரல இன்னும்.

இருங்க, இருங்க. அதோ வருதுங்க ரெண்டும். ஏதோ பேசிக்கிட்டே வருதுங்க பாருங்க, கையால காத்துல காய் நகர்த்திக்கிட்டு. கனிஷ்கா தலையத் தலைய ஆட்டுறா. பவா சிரிக்கிறா. அப்ப ஜெயிச்சுட்டா போலருக்கு. பவா! இங்க வாம்மா. என்னாச்சு?

தோத்துட்டியா? தோத்துட்டு ஏன் சிரிக்கிறே? அறுபத்தொண்ணு மூவா? சரி, ஷீட்டைக் குடு. குடும்மா. எதுக்கு வேணாங்குற? என்னது? ஏன் தோத்தேன்னு உனக்கே தெரியுமா? சரி, அங்கிள்கிட்ட சொல்லு, கேப்போம்.

கேட்டீங்களா சார்? யானைய ஒரு மூவ் முன்னாடியே பின்வரிசைக்குக் கொண்டு வந்திருக்கணுமாம், கனிஷ்காவோட ராஜா தப்பிச்சு வெளிய வர்றதுக்குள்ள. நாப்பத்தேழாவது மூவாம். அதை விட்டதாலதான் போச்சாம். எனக்கே தெரியும்ப்பா, மெஷின்ல போட வேணாம்ப்பாங்குறா. மெஷின் சொல்லட்டும்மா, நீ ஷீட்டைக் குடு. ம். அப்படி மேஜைமேல வச்சா எப்படி, கையில குடுக்க மாட்டியா? எங்க போற? பவா!

போயிட்டா பாருங்க. கயிறுக்கு அந்தாண்ட. நான் வர முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே போறா. உமாராணி பக்கத்துல உக்காந்து தண்ணி குடிக்கிறா. சரி, குடிக்கட்டும். ரெண்டு நிமிஷம் இருங்க சார், இதை ஏத்திட்டுப் பேசுறேன். கையெழுத்தைப் பாருங்க, கோழி கிளறின மாதிரி. முப்பது. நாப்பது. ம், இதுவரைக்கும் நல்லாத்தான் ஆடியிருக்கா. நாப்பத்தஞ்சு. நாப்பத்தாறு.

சார். இங்க கொஞ்சம் பாருங்க. நாப்பத்தேழு. ஒரே ஒரு செவப்பு. கேம் பூராவும் இது ஒண்ணுதான். பக்கத்துல மெஷின் எதைப் போட்டிருக்கணும்னு காட்டுது? யானை, பின்வரிசை. அவ சொன்ன அதே மூவ்.

இது எப்படி சார்? மெஷின்ல நான் இப்பத்தான ஏத்தினேன். அவளுக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது? அந்தக் குட்டி மண்டைக்கு அது தானா தெரியுமா? யாரோ காட்டியிருக்காங்க. உள்ளயே ஏதோ போன் போயிருக்கு. பொண்ணாவது, என் பொண்ணாவது, தப்புன்னா தப்புதான். நீங்க கயிறைத் தாண்டிப் போகலாம்ல? சும்மா போற மாதிரி போய், அந்தப் பச்சைப் பையி, அவ பக்கத்துல இருக்குல்ல, அதை ஒரு பார்வை பாத்துட்டு வந்து சொல்லுங்களேன்.

ஏன் சார் எந்திரிச்சுட்டீங்க? ஓ, நீலச் சட்டை, உங்க பையன்தான? அழுதுக்கிட்டு வர்றானே, தோத்துட்டான் போல. அட, அது எதுக்கு சார், தண்ணி பாட்டிலை அப்புறம் நீட்டுங்க. மொதல்ல ஷீட்டை வாங்குங்க.